கோஸ்தான் எடுத்த கதை

போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் லோரி எங்காவது போய் இடித்துவிட்டாலோ, வேறு யாராவது வந்து எங்கள் லோரியை இடித்துவிட்டாலோ, ஓட்டுநரை உட்காரவைத்து விசாரித்து விபத்து அறிக்கை எழுதவேண்டியது நான்தான். எத்தனை மணி, எந்தச் சாலை, மழையா வெயிலா, யாருக்கு அடி, எதற்குச் சேதம். பதினாறு வருடமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மேலாளர் என் அறிக்கை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். கால்வாய்க்குள் இறங்கிவிட்ட ஒரு லோரியைப் பற்றியது அது. ‘லோரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, செய்த தவறை நினைத்து வருந்துவதுபோல நின்றிருந்தது’ என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது கூடுதலாக எனக்குப் படவே இல்லை. அந்த லோரி அப்படித்தான் நின்றது.

“லோரி எப்படி வருந்தும்?” என்று கேட்டார் மேலாளர். “இன்சூரன்ஸ்காரன் இதைப் படிச்சா, தப்பு எங்க மேலதான்னு லோரியே ஒத்துக்கிச்சுன்னு சொல்லிடுவான். உனக்குக் கதை எழுதணும்னா வெளியில போய் எழுது.”

அவர் திட்டத்தான் செய்தார். நான் அதை யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

அதே மாதம் யாரோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பைத் தட்டிவிட்டிருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் பெரியவர்களுக்கான தமிழ்ப் புனைவு எழுத்து வகுப்பு. எட்டு சனிக்கிழமைகள். எழுதிய அனுபவம் தேவையில்லை. கடைசி வரியில், ‘இங்கே யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள்’ என்று இருந்தது. அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். நான் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில் அப்படி ஒரு அறையை நான் பார்த்ததில்லை.

“குறையே சொல்ல மாட்டாங்களா?” என்றார் என் கணவர். “அப்ப எப்படி லா கத்துக்குவ?”

“அதைக் கத்துக்கத்தான் போறேன்” என்றேன்.

வகுப்பு ஒரு கடைவீட்டின் மேல்மாடியில். கீழே சேலைக்கு ஓரம் தைக்கும் கடை. மாடிப்படி ஏறும்போதே தையல் இயந்திரம் கடகடவென்று கேட்கும். மேலே ஏசி ஒரே குளிரில் மாட்டிக்கொண்டு இறங்க மறுத்ததால், எல்லோரும் சால்வையோ துண்டோ போர்த்திக்கொண்டு, ஏதோ மலைக்கோயிலுக்கு வந்தவர்கள்போல் உட்கார்ந்திருப்போம். சொல்லிக்கொடுத்தவருக்கு முப்பது வயதிருக்கும். வார நாள்களில் மருந்தகத்தில் வேலை. எங்களில் பலர் அவருடைய அம்மா வயது. ஆனாலும் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம்.

டீச்சரின் விதி ஒன்றே ஒன்று. ஒருவர் எழுதியதைப் படித்து முடித்ததும், கேட்டவர்கள் முதலில் இரண்டு நல்லது சொல்ல வேண்டும். பிறகு வேண்டுமானால் ஒரு கேள்வி கேட்கலாம். குறை கிடையாது.

இந்த விதி எல்லோருக்கும் பிடித்துப்போனது, ஒருவரைத் தவிர. அவர் ஓய்வு பெற்ற அரசாங்க அதிகாரி, எழுபதைத் தாண்டியவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நாங்கள் அவரை அங்கிள் என்போம். வாழ்நாள் முழுக்கக் கோப்புகளைப் பார்த்து, இருப்பதை இருக்கிறபடி எழுதிப் பழகியவர். இல்லாத நல்லதைச் சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் முறை வந்ததும் கூரையைப் பார்ப்பார், சன்னலைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். நாங்கள் காத்திருப்போம்.

முதல் வாரத் தலைப்பு மழை. நான் எழுதியது இதுதான்: ‘பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மழை தொடங்கியது. சாலை வழுக்கலாக இருந்தது. தூரத்தில் இருப்பது தெரியவில்லை. நான் பேருந்து நிறுத்தத்தின் இடப்பக்கம் நின்றிருந்தேன். நான்கு இருபதுக்கு மழை நின்றது. யாருக்கும் காயமில்லை.’

படித்து முடித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் எழுதினால் கதை என்று திட்டு வாங்குகிறேன். கதை எழுது என்றால் கைக்கு அறிக்கைதான் வருகிறது.

அம்பாங்கிலிருந்து ஓர் ஆன்டி வருவார். யார் எதைப் படித்தாலும் அழுதுவிடுவார். அன்றும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யாருக்கும் காயமில்லைன்னு முடிச்சுச்சு பாருங்க, அங்க என் மனசு நின்னுருச்சு” என்றார்.

அங்கிளின் முறை வந்தது. கூரை, சன்னல், கண்ணாடி எல்லாம் ஆயிற்று. “நேரத்தை வடிவாய்க் குறிச்சிருக்கிறீர், பிள்ளை” என்றார். அது ஒன்று. இன்னொன்றைத் தேடி என் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “பக்க இலக்கமும் போட்டிருக்கிறீர்.”

ஒரே பக்கம்தான் எழுதியிருந்தேன். ஆனாலும் வீட்டுக்குப் போகிற ரயிலில் அந்த இரண்டு பாராட்டையும் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாம் வாரம் முடிகிறபோது டீச்சர் அடுத்த தலைப்பைக் கொடுத்தார்: ‘இத்தனை நாளாகச் சொல்லாமல் விட்ட ஒன்று.’ எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அது பத்தொன்பது வருடமாகத் தொண்டையில் தயாராக நின்றது.

கல்யாணமாகி மூன்றாம் மாதம். என் கணவரின் தங்கைக்குப் பண்டமாரானில் எங்கள் வீட்டிலேயே நிச்சயம். வீட்டு முன்னால் சாலையை அடைத்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சந்தில் சமையல். நாற்காலி ஏற்றி வந்த லோரி உள்ளே வரமுடியாமல் ஹார்ன் அடித்தது. எங்கள் கார் வழியில் நின்றது. ஆண்கள் எல்லாம் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவரப் போய்விட்டார்கள். என் மாமியார் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்கும்படி, “என் சின்ன மருமக கார் ஓட்டும்!” என்று சாவியை என்னிடம் கொடுத்தார்.

காரைப் பின்னால் எடுக்க வேண்டும். இங்கே அதைக் கோஸ்தான் என்போம். கோஸ்தான் எடுக்கிறவருக்குப் பின்னால் ஒருவர் நின்று கைகாட்ட வேண்டும் என்பதும் இங்கே எழுதாத சட்டம். அன்று கைகாட்ட வந்து நின்றவர் என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

“வா... வா... வா...” என்றார் அக்கா. நான் வந்தேன். கண்ணாடியில் பார்த்தேன், அக்காவின் முகம் பக்கத்து வீட்டு அம்மாவின் பக்கம் திரும்பியிருந்தது. ஏதோ சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். கை மட்டும் என்னைப் பார்த்து ‘வா வா’ என்றது. அந்தக் கையை நம்பி இன்னும் கொஞ்சம் வந்தேன். டணார் என்று ஒரு சத்தம். ரச அண்டா கவிழ்ந்தது.

ஒரு அண்டா. அதிலும் முக்கால்தான் ரசம். யாருக்கும் காயமில்லை. மாப்பிள்ளை வீட்டார் ரசம் இல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், கல்யாணமும் நடந்தது.

ஆனால் அக்கா இந்தக் கதையைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் கதை சொன்னால் கல்லும் சிரிக்கும். காதுகுத்து, வளைகாப்பு, தீபாவளி, எங்கே குடும்பம் கூடினாலும் யாராவது ஒருவர், “அண்ணி, அந்த ரசக் கதை” என்பார். வருடத்துக்கு வருடம் கதை வளர்ந்தது. ரச அண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பார் அண்டா வந்தது. பிறகு பாயச அண்டா. சமையல்காரர் மதில்மேல் ஏறினார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வெள்ளை வேட்டி மஞ்சளானது. போன தீபாவளிக்கு ஒரு பூனை ரசத்தில் நீந்திக் கரையேறியது. கை காட்டியவர் யார் என்பது மட்டும் எந்த வருடமும் கதைக்குள் வரவே இல்லை. குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் சின்னம்மா இல்லை, ‘ரசம் சித்தி’.

அப்போது புது மருமகள், வாய் திறக்கவில்லை. பிறகு திறக்கலாம் என்று நினைத்தபோது கதை என்னைவிடப் பெரிதாகிவிட்டது.

இதையெல்லாம் அந்த வாரம் மதிய உணவு நேரங்களில் எழுதினேன். நான்கு பக்கம். என் வேலை அனுபவம் மொத்தமும் அதில் இருந்தது. கார் நின்ற இடம், அண்டா இருந்த இடம், அக்காவின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, எல்லாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த தெருதான்.

“சனிக்கிழமை சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போறியாமே. கொழுந்தன் சொன்னாரு. கதை எழுதுறியா?”

“சும்மா லா அக்கா. வகுப்புதான்.”

“எழுதத் தெரியாதவங்களும் வரலாமாம்ல? நானும் வரேன். வீட்ல உக்காந்து என்ன பண்றது?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். அதில் பாமாயில் விலை ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா ஒரு பெரிய டப்பா நிறையக் கேசரியோடு ரயிலேறினார். வகுப்பில் பத்து நிமிடத்துக்குள் நான் மூன்று வாரத்தில் சம்பாதிக்காத நட்பையெல்லாம் சம்பாதித்துவிட்டார். “இவ என் கொழுந்தன் பொண்டாட்டி. ரொம்ப நல்ல பொண்ணு. வாயே திறக்க மாட்டா” என்று என்னை எனக்குத் தெரிந்தவர்களுக்கே அறிமுகம் செய்துவைத்தார். அம்பாங் ஆன்டி கேசரியை வாயில் போட்டதும் அழுதார்.

என் பெயரை டீச்சர் கூப்பிட்டபோது, “நான் இந்த வாரம் எழுதல டீச்சர், வேலை ஜாஸ்தி” என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அங்கிள் என் மடியைப் பார்த்தார். “இருக்குது, பிள்ளை. நாலு பக்கம். இலக்கமும் போட்டிருக்குது” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரால் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது.

“பயப்படாதீங்க. இது உங்களுக்குப் பாதுகாப்பான இடம்” என்றார் டீச்சர் இனிமையாக.

“படி லா, என்னா வெக்கம்” என்றார் அக்கா.

படிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் ‘என் ஓரகத்தி’ என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் ‘ஒரு பெண்மணி’ என்று மாற்றிப் படித்தேன். பண்டமாரானைக் காஜாங் ஆக்கினேன். நிச்சயதார்த்தத்தைப் பிறந்தநாள் ஆக்கினேன். ரசத்தை என்ன ஆக்குவது என்று யோசிப்பதற்குள் ரசம் வந்துவிட்டது. வேறு சொல் அகப்படவில்லை. ‘ரசம்’ என்று படித்துவிட்டேன்.

என் வலப்பக்கத்தில் கேசரி டப்பாவின் மூடி ‘டக்’ என்று மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு மாற்றிப் படிக்கிற தெம்பு எனக்கு இல்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன். அந்தக் கை ‘வா வா’ என்றது, முகம் வேறு பக்கம் இருந்தது, பத்தொன்பது வருடம் நான் பேசவில்லை, பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எல்லாவற்றையும். தலையை நிமிர்த்தவே இல்லை. முடித்தபோது அம்பாங் ஆன்டிகூட அழ மறந்துவிட்டார். எல்லோருக்கும் புரிந்துவிட்டது, ‘கொழுந்தன் பொண்டாட்டி’ என்று அக்காதான் முன்னாலேயே சொல்லியிருந்தாரே.

டீச்சருக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். “சரி... இரண்டு நல்லது... யார் முதலில்?” என்றார்.

“நான் சொல்றேன்” என்றார் அக்கா.

“ஒண்ணு, அன்னிக்கு நான் கட்டியிருந்த சேலை மாம்பழக் கலர்னு எழுதியிருக்கா. ஞாபகம் வெச்சிருக்கா. கரெக்ட்.” கேசரி டப்பாவை மடியில் நேராக்கி வைத்தார். “ரெண்டு, மாமியாரு பேசுற மாதிரியே எழுதியிருக்கா. எனக்கு அவங்க குரலே கேட்டுச்சு.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

விதிப்படி ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? அங்கிள் கையைத் தூக்கினார். டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அங்கிளுக்கு அந்த மொழி தெரியாது. “எனக்கு ஒரு விஷயம் விளங்கேல்லை. அந்த அம்மா ஏன் பின்னாலை பாக்கேல்லை?”

“அதை அந்த அம்மாவைத்தான் கேக்கணும்” என்றார் அக்கா, வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல.

திரும்பி வருகிற ரயிலில் பெண்கள் பெட்டியில் அருகருகே உட்கார்ந்தோம். சென்ட்ரலில் ஏறியது முதல் அக்கா பேசவில்லை. அவர் வாய்மூடி இருந்து நான் பார்த்த மிக நீண்ட நேரம் அதுதான். பெட்டாலிங் போயிற்று. சுபாங் ஜெயா போயிற்று. நான் மனத்துக்குள் மன்னிப்பு வாக்கியம் ஒன்றைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் அறிக்கை மாதிரியே வந்தது. ஷா ஆலாம் தாண்டியதும் அக்கா சன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நான் பார்க்காம இல்ல.”

“என்னாக்கா?”

“பேசிக்கிட்டு இருந்தது வாஸ்தவம். ஆனா கண்ணு அண்டா மேலதான் இருந்துச்சு.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “அப்ப... தெரிஞ்சேதான் ‘வா வா’ன்னீங்களா?”

“சின்னதா ஒரு இடி இடிக்கட்டும்னு நெனச்சேன் லா. பம்பர்ல லேசா ஒரு கீறல். அவ்வளவுதான். அது போய் அப்படியே கவிழும்னு யாரு கண்டா?” அக்கா என் பக்கம் திரும்பினார். “நான் மூணு தடவ கார் டெஸ்டுக்குப் போய் மூணு தடவையும் ஃபெயிலு. உனக்குத் தெரியாது, அது நீ வர்றதுக்கு முன்னாடி. மேடு ஏறணும்ல, அங்க கார் பின்னாலயே போவும். மாமியாரு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாங்க, ‘என் பெரிய மருமகளுக்கு சைக்கிளே பேலன்ஸ் வராது’ன்னு. அன்னிக்கு நீ வந்து மூணு மாசம்தான். ‘என் சின்ன மருமக கார் ஓட்டும்’னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனாங்க பாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?”

கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடக் கோபம் கையில் இருக்கிறது, இதோ ஆளும் குற்றத்தை ஒத்துக்கொண்டாயிற்று. என் வேலையில் ஓட்டுநர்கள் யாரும் இவ்வளவு சுத்தமாக ஒத்துக்கொண்டதில்லை. கோபத்தை எடுக்கப் போனேன், சிரிப்பு வந்துவிட்டது. லேசான கீறல் வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு ஒரு அண்டா ரசம். அக்கா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தோம். எதிரில் இருந்த மலாய் அம்மா நாங்கள் அழுவதாக நினைத்து, டிஷ்யூ பாக்கெட்டை நீட்டி, “சபார் யா, சபார்” என்று ஆறுதல் சொன்னார். பொறுத்துக்கொள்ளச் சொல்கிறாராம். அதில் இன்னும் சிரிப்பு வந்து, கிள்ளானில் ஏறியவர்கள் எங்களுக்குப் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சொந்தக்காரர் கிள்ளானில் புது வீடு புகுந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் வழக்கம்போல ஒரு குரல்: “அண்ணி, ரசக் கதை!” பிள்ளைகள் ஓடிவந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். “இன்னிக்கு அவ சொல்லட்டும். அவ கதைதானே” என்றார்.

நான் நான்கு பக்கம் எழுதியவள். கார் எங்கே நின்றது என்று சொன்னேன். லோரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொன்னேன். அண்டா ஒன்றுதான், அதுவும் முக்கால்தான் என்று சொன்னேன். கை காட்டியவர் பெயரை மட்டும் சொல்லவில்லை. ரயிலில் பேசியது ரயிலோடு. அண்டா கவிழ்ந்தது, யாருக்கும் காயமில்லை என்று முடித்தேன்.

ஒரு பையன், “அப்புறம்?” என்றான்.

“அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்.”

“பூனை?” என்றாள் இன்னொருத்தி. அவள் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அக்காவைப் பார்த்தேன். அவர் வெற்றிலை மடிப்பதுபோலச் சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். உதவிக்கு வரமாட்டார் என்று தெரிந்தது.

“பூனை சாம்பார் அண்டாவுக்குப் பின்னால இருந்துச்சு” என்றேன்.

அந்த ஒரு வரியில் பத்தொன்பது வருட உண்மையை நானே கவிழ்த்துவிட்டேன். சாம்பார் வந்த பிறகு பாயசத்தை எப்படி நிறுத்துவது? சமையல்காரர் மதிலேறினார். நான் ஏற்றிவிட்ட மதில் அக்காவின் மதிலைவிட உயரம். கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா குனிந்து என் காதில், “வேட்டியை விட்டுட்ட” என்றார்.

இதற்கிடையில் அக்கா வகுப்பை விடவில்லை. ஆனால் எழுதுவதுதான் அவருக்குப் பிரச்சினை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவர். பேனாவைப் பிடித்தால் வாய் நின்றுவிடும். கடைசி வாரத்துக்கு ஆளுக்கொரு கதை எழுதி வரவேண்டும் என்று டீச்சர் சொன்னதும், என் கைப்பேசியை வாங்கி ஒரு மணி நேரம் அதில் பேசினார். நான் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். மூன்று முறை டெஸ்டில் தோற்ற கதை. தேர்வு அதிகாரி காரிலிருந்து குதித்து ஓடினார் என்று இருந்ததை வெட்டிவிட்டேன். சரிபார்க்கச் சொல்லிப் படித்துக் காட்டினேன்.

“அவரு குதிச்சது எங்க?”

“அவர் குதிச்சாரா அக்கா?”

“குதிக்கல. குதிக்கிற மாதிரி பார்த்தாரு.”

“அப்ப ‘குதிக்கிற மாதிரி பார்த்தார்’னு போடறேன்.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அதுவும் நல்லாத்தான் இருக்கு” என்றார் பெரிய மனசோடு.

கடைசி வகுப்பில் தாள் என்னிடம் இருந்தது, படிப்பேன் என்று ஏற்பாடு. இரண்டாம் வரியில் அக்கா பொறுமை இழந்து எழுந்து நின்று தானே சொல்லத் தொடங்கிவிட்டார். மேட்டில் கார் பின்னால் போனதைக் காட்ட நாற்காலியைப் பின்னால் இழுத்தார். டீச்சரின் வெள்ளைப் பலகை சாய்ந்தது. அம்பாங் ஆன்டி அழுதார், இந்த முறை சிரித்துச் சிரித்து. அங்கிள் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் அக்கா என் தாளில் இல்லாத ஒன்றைச் சொன்னார். மாமியார் சாவியை யாரிடம் கொடுத்தார், தான் எங்கே நின்றார், கண் எங்கே இருந்தது, கை என்ன செய்தது, எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, “அதான் அங்கிள், அந்த அம்மா பின்னால பார்த்துக்கிட்டுத்தான் இருந்துச்சு” என்று உட்கார்ந்தார்.

அங்கிளுக்குக் கூரையைப் பார்க்கத் தேவைப்படவில்லை. “நல்லாய் இருந்தது” என்றார். “மெத்த நல்லாய் இருந்தது.” இரண்டு ஆயிற்று.

எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். எட்டு வாரம், அத்தனை மதிய இடைவேளை. அவருக்கோ வாயைத் திறந்தால் போதும். கையில் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். டீச்சர் எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், “நீங்கள் ரொம்ப அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறீர்கள்” என்றார்.

அலுவலகத்தில் என் அறிக்கைகளை இப்போது மேலாளர் குறை சொல்வதில்லை. நான் எழுதிவிட்டு, வருந்துகிற லோரிகளையெல்லாம் தனித்தாளுக்கு மாற்றிவிடுகிறேன். அந்தத் தாள்கள் ஒரு கோப்பு அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன. அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அதில் ஒன்றை எடுத்துப் படிக்கச் சொல்வார்; “ஓட்டுனவன் பொண்டாட்டி என்னா சொன்னா?” என்று கேட்பார். அது எந்த அறிக்கையிலும் இருக்காது. யோசித்து எழுதுவேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் கேட்டேன், காலையில் ஆளில்லாத திடலில் அக்காவுக்குக் கார் ஓட்டச் சொல்லித் தரட்டுமா என்று. மேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்றேன்.

“அம்பத்தெட்டு வயசுல எனக்கு எதுக்கு லா லைசன்சு?” என்றார். “நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிறேன்.”

அன்று சாயங்காலமே காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினோம். லெஃப்ட் எடு, சிக்னல் போடு, அந்த மோட்டார்காரன் வரான் பாரு, நேரா போ, இது குறுக்கு வழி என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குறுக்கு வழி எங்களைக் கொண்டுபோய்த் துறைமுக வாசலில், சரக்குப் பெட்டி ஏற்றிய இரண்டு பெரிய கொண்டேனர் லோரிகளுக்கு நடுவில் நிறுத்தியது. அக்கா சன்னலை இறக்கிக் காவலாளியிடம் வழி கேட்டார். அவர் மூன்றே சொல்லில் வழியைச் சொல்லிவிட்டார். அக்கா அவரிடம் பேசி முடிக்கத்தான் கால் மணி நேரமாயிற்று.